கேட்டும் கேளாத ஒலிகள்: எதைப் பழக விடுவது, எதை விழிப்பில் வைப்பது

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் மோனோரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர், முதல் சில நாட்களில் ஒவ்வொரு ரயிலுக்கும் பேச்சை நிறுத்துவார். மாதம் ஒன்று கடந்துவிட்டால், வந்த விருந்தினர் கேட்ட பிறகுதான் ரயில் ஓடுவதே அவருக்கு நினைவுக்கு வரும். ‘காது பழகிவிட்டது’ என்று சொல்லி இதை நாம் கடந்துவிடுகிறோம். உண்மையில் பழகியது மூளை. ஓர் ஒலியைக் கேட்டு அதற்கு எதுவும் செய்யாமல் இருக்கும் ஒவ்வொரு முறையும், இந்த ஒலி நமக்கு வேண்டாதது என்று மூளை கற்றுக்கொள்கிறது. ரயிலுக்கு அது நன்மையாக முடிகிறது. காலையில் அணைத்துவிட்டுத் திரும்பவும் படுக்கும் கைப்பேசி அலாரத்துக்கும், காரணமின்றி அடிக்கடி அலறும் கட்டடத் தீ எச்சரிக்கை மணிக்கும், சமையலறையிலிருந்து அம்மா மீண்டும் மீண்டும் கூப்பிடும் குரலுக்கும் அதே கற்றல்தான் நடக்கிறது. அங்கே அது தீமையாக முடியலாம்.

ஆகவே எந்த ஒலிகளைப் பழக விடலாம், எவற்றைப் பழக விடக் கூடாது, அறியாமல் பழகிப்போன முக்கியமான ஒலியை எப்படி மீட்பது என்பனவற்றை ஒவ்வொரு குடும்பமும் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிமுறைகளைக் கீழே விளக்குகிறேன்.

மூளையில் நடப்பது என்ன

ரிச்சர்ட் தாம்சன், ஆல்டன் ஸ்பென்சர் ஆகிய ஆய்வாளர்கள் 1966ஆம் ஆண்டில் பழகிப்போதலின் இயல்புகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் சில நம் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படுகின்றன. அடிக்கடி வரும் ஒலி, அரிதாக வரும் ஒலியைவிட விரைவில் பழகிவிடும். மெல்லிய ஒலி விரைவில் பழகும். மிகப் பெரிய ஒலி பழகாமலே போகலாம். ஒலி சிறிது காலம் இல்லாமல் இருந்தால் பழைய எதிர்வினை திரும்பி வரும், ஆனால் மறுமுறை பழகுவதற்கு முன்பைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் முதல் இரவில் ரயில் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு, அடுத்தடுத்த இரவுகளில் அயர்ந்து தூங்குவது இதனால்தான்.

பழகிப்போதலைச் சோர்வு என்று எண்ணிவிடக் கூடாது. ரஷ்ய ஆய்வாளர் யெவ்கேனி சொக்கலோவ் விளக்கியபடி, மூளை பழகிய ஒலிக்கு ஒரு மாதிரியை உருவாக்கி வைத்துக்கொண்டு, வருகின்ற ஒலி அதனோடு ஒத்துப்போகும்வரை அமைதியாக இருக்கிறது. சுருதியோ நீளமோ சற்று மாறினாலும் மீண்டும் திரும்பிப் பார்க்கிறது. இரவு முழுவதும் சுழலும் மின்விசிறியின் சத்தத்தில் நன்றாகத் தூங்குபவர், மின்சாரம் துண்டிக்கப்பட்டு விசிறி நின்றதும் விழித்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். ஒலியை மீட்பது பற்றிப் பின்னால் சொல்லப்போகும் வழிகள் அனைத்தும் இந்த இயல்பை நம்பியவையே.

இதைவிட முக்கியமான இன்னோர் உண்மை, ஒலியை அலட்சியம் செய்வதன் பின்விளைவைப் பற்றியது. 1959ஆம் ஆண்டில் லூபோ, மூர் என்னும் இருவர் செம்மறி ஆடுகளையும் வெள்ளாடுகளையும் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். எந்த விளைவும் இல்லாமல் பலமுறை காட்டப்பட்டுவிட்ட ஒரு குறியைப் பிறகு மின்னதிர்ச்சிக்கு முன்னறிவிப்பாக ஆக்கியபோது, புத்தம் புதிய குறியைக் கற்றுக்கொண்டதைவிட மெதுவாகவே அவை அதைக் கற்றுக்கொண்டன. ஒலிகளிலும் இதே விளைவு பின்னர் உறுதிப்பட்டது. வயதுவந்த மனிதரிடம், கவனம் வேறொரு வேலையில் இருக்கும்போது பின்னணியில் ஒலித்த ஓசைகளுக்கு இது குறிப்பாகத் தெரிகிறது. ஓர் ஒலியை இன்று பொருட்படுத்தாமல் விட்டால், நாளை அதற்குப் பொருள் ஏற்படும்போது அதைக் கற்றுக்கொள்ளும் வேகமும் குறைந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். ஒலி கேட்கும் இடமும் சூழலும் மாறினால் இந்தத் தடை தளர்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

மிகக் குறுகிய நேரத்திலும் இப்படியொரு விளைவு உண்டு. ஒருவர் பேச்சைக் கேட்பதற்காக மற்றொருவர் பேச்சை ஒதுக்கிய மறுநொடியில், ஒதுக்கப்பட்ட அதே ஒலிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் சிறு தாமதம் நேர்கிறது. நொடியின் சிறு பகுதியளவே ஆன இந்தத் தாமதத்துக்காக வீட்டில் கவலைப்பட வேண்டியதில்லை.

அலட்சியம் செய்யப்படும் ஒலி முற்றிலும் அடைபட்டுப் போவதும் இல்லை. இரு காதுகளிலும் இரு வேறு பேச்சுகளைக் கேட்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்ன ஆய்வுகளில், கவனிக்கப்படாத காதில் மொழி மாறியதைக்கூடப் பலர் உணரவில்லை என்று 1953இல் காலின் செர்ரி கண்டார். அதே வகையான ஆய்வில், கவனிக்கப்படாத காதில் சொல்லப்பட்ட தம் சொந்தப் பெயரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கவனித்தனர் என்று 1959இல் நெவில் மோரே காட்டினார். பெயர் சொன்னால் எப்படியும் கேட்டுவிடும் என்று நம்புவோர், மீதமுள்ள மூன்றில் இரண்டு பங்கினரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: ஒலிகளை எழுதிப் பார்ப்பது

ஒரு மாலை வேளையில் தாளும் பேனாவுமாக வரவேற்பறையில் உட்கார்ந்து, கேட்கும் ஒலி ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ரயில், மோட்டார் சைக்கிள், மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம், ஒலிபெருக்கியோடு வரும் பழைய நாளிதழ் லாரி, குக்கர் விசில், சலவை இயந்திரம், வாட்ஸ்அப் குழுக்களின் ஓசை, தாத்தாவின் இருமல் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இது கேட்டால் யாராவது ஏதாவது செய்ய வேண்டுமா?’ என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள். பிறகு குடும்பத்தில் இன்னொருவரைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் தாளில் இல்லாமல் அவர் தாளில் மட்டும் இருக்கும் ஒலிகள், நீங்கள் ஏற்கெனவே பழகிவிட்டவை. அவற்றில் ‘செய்ய வேண்டும்’ என்ற வகையைச் சேர்ந்த ஒன்று இருந்தால், வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தீங்கற்ற ஒலிகளைப் பழக விடுவது

இங்கே பலரும் செய்வது, ஒலியோடு சண்டை போடுவது. மேல்வீட்டுச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சலோடு நிமிர்ந்து பார்ப்பதும், சுவரைத் தட்டுவதும், மணியைப் பார்த்து வைப்பதும் அந்த ஒலியை மூளைக்கு முக்கியமானதாக ஆக்கிவிடுகின்றன. பழகிப்போதலுக்கு எதிரான கூர்மையாதல், அதாவது ஒலிக்கான எதிர்வினை குறையாமல் கூடிக்கொண்டே போவதும் மூளையில் நடக்கிறது என்பதை 1970இல் குரோவ்ஸ், தாம்சன் இருவரும் விளக்கினர். அச்சமும் கோபமும் அதைத் தூண்டிவிடும். எனவே முதலில் ஒலியின் காரணத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் ‘டக்’கென்று கேட்பது தண்ணீர்க் குழாய்தான் என்று உறுதியானபின், அதைத் தேடி எழுந்து போகாதீர்கள். அமைதியான வீட்டில் திடீரென எழும் ஒலி பெரிதாகத் தெரியும். மின்விசிறியின் சீரான சத்தம் அந்த வேறுபாட்டைக் குறைக்கும்.

ஒரே ஒலி ஒருவருக்குப் பழகி, இன்னொருவருக்குப் பழகாமல் இருப்பதற்குக் காரணம் பொருள்தான். அதிகாலைத் தொழுகை அழைப்பு கேட்கும் அடுக்குமாடியில், தொழ வேண்டியவர் எழுந்துகொள்கிறார். அடுத்த வீட்டுக்காரர் தூங்குகிறார். அருகிலேயே கோயில் இருந்தால் காலைப் பூசை மணிக்கும் இதுவே நடக்கும்.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் வேண்டியது. வெளியில் ஒலி இல்லாமலே காதுக்குள் ஓயாது கேட்கும் அந்த இரைச்சலையும் மூளை பழகிக்கொள்ள முடியும் என்ற அடிப்படையில், 1990களில் பாவெல் ஜாஸ்டிரிபாஃப் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அதன்படி முழு அமைதியில் இருப்பதைத் தவிர்க்க வேண்டும். மெல்லிய பின்னணி ஒலி ஒன்றை ஓடவிட வேண்டும். ஆனால் அந்த ஒலி இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கக் கூடாது. காதில் விழாத ஒன்றுக்கு மூளை பழக முடியாது என்பதே காரணம். இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருந்தாலோ, திடீரென்று கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ எந்தப் பயிற்சியையும் தொடங்காமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர்ச் செவிக்குறைவுக்கான சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பயன் குறைகிறது.

முக்கியமான ஒலிகளை விழிப்பில் வைப்பது

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் வற்புறுத்துகிறேன். விதி எளியது: செயல் தொடராத எச்சரிக்கை ஒலி, காலப்போக்கில் செத்துவிடும். குக்கர் விசிலைக் கவனியுங்கள். பருப்புக்கு மூன்று விசில் என்று எண்ணிக்கொண்டு சமைப்பவருக்கு, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் மூன்றாவது விசில் தவறாமல் கேட்கும். கை துணியை வைத்துவிட்டு அடுப்பை நோக்கிப் போகும். அதே வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எத்தனை விசில் வந்தது என்று கேட்டால் விழிப்பார். அவருடைய காதில் குறை எதுவும் இல்லை. விசிலுக்கு அவர் எதையும் செய்ததே இல்லை. வீட்டில் ஒருவரே எப்போதும் அடுப்பை அணைப்பது, ஒருவரே எப்போதும் குழந்தையின் அழுகைக்கு எழுந்திருப்பது என்றால், மற்றவருக்கு அந்த ஒலிகள் வெறும் சத்தமாகிவிடும். முறை வைத்துக்கொண்டு மாறி மாறிச் செய்வது இருவரையும் விழிப்பில் வைக்கும்.

மருத்துவமனைகளில் இது உயிர்ப் பிரச்சினையாகவே உள்ளது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்றளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கை அறிக்கையில், நோயாளிகளின் படுக்கையருகே ஒலிக்கும் கருவிகளின் எச்சரிக்கைகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை மருத்துவத் தலையீடு தேவைப்படாதவை என்று குறிப்பிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாக அதனிடம் தெரிவிக்கப்பட்ட 98 சம்பவங்களில் 80 இறப்பில் முடிந்தன. தாதியர் அக்கறையில்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பொய்யாகவே பெரும்பாலும் ஒலிக்கும் ஒன்றுக்கு மனித மூளை அப்படித்தான் பழகுகிறது. முதியோரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், குளுக்கோஸ் அல்லது ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியைப் பயன்படுத்தினால், எந்த அளவில் அது ஒலிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். தேவையற்ற ஒலிப்புகளைக் குறைப்பதுதான் தேவையான ஒலிப்பைக் காப்பாற்றும் வழி.

கைப்பேசிக்கும் இதே கணக்குதான். வாட்ஸ்அப் குழு வாழ்த்துகளுக்கும் கடை விளம்பரங்களுக்கும் வந்த ஓசையையே, மருந்து நேரத்துக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடுகளின் கதை இங்கே பொருந்தும்: பலமுறை பொருளின்றிக் கேட்ட ஓசைக்குப் புதிய பொருள் கொடுப்பது கடினம். மருந்துக்கு, இதுவரை எதற்கும் பயன்படுத்தாத ஓர் ஓசையைத் தேர்ந்தெடுத்து, அது கேட்டதும் அந்த நொடியே எழுந்து மாத்திரையை எடுங்கள். குழுக்களை ஒலியில்லாமல் வைத்துவிடுங்கள். காலை அலாரத்தைத் தள்ளிப்போடும் பொத்தானை அழுத்துவது, அந்த ஓசை கேட்டால் படுத்திருக்கலாம் என்று நாள்தோறும் நமக்கே பயிற்சி கொடுப்பதாகும். கைப்பேசியைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வைத்து, எழுந்து நின்றபின் அணைப்பதை வழக்கமாக்குங்கள்.

அடுக்குமாடிகளின் தீ எச்சரிக்கை மணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கட்டடங்களில் மணி ஒலித்தால் குடியிருப்பாளர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். எச்சரிக்கை எந்த அளவுக்கு உண்மையாக இருந்து வந்ததோ, ஏறத்தாழ அந்த அளவுக்கே மக்கள் அதற்குச் செயல்படுவார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே நிர்வாக அலுவலகத்திடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள்: சோதனை ஒலிப்பு முன்கூட்டியே அறிவித்த நாளிலும் நேரத்திலும் மட்டும் நடக்க வேண்டும், பொய்யாக ஒலிக்கும் உணரிகளை உடனே பழுதுபார்க்க வேண்டும். சோதனை நாளிலும் சும்மா இருந்துவிடாமல், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிப் பாருங்கள். அறிவிக்கப்படாத நேரத்தில் ஒலித்தால், பொய்யாக இருக்கும் என்று எண்ணாமல் வெளியேறி, புகையோ நெருப்போ தெரிந்தால் 999க்கு அழைக்க வேண்டும்.

வீட்டுக்குள் புகை உணரும் கருவி வாங்குவோர் அதன் சுருதியையும் பார்க்க வேண்டும். வழக்கமான கருவிகள் ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) அளவில் கீச்சென்று ஒலிக்கின்றன. முதுமையில் முதலில் குறைவது இத்தகைய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனே. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த, மேற்சுரங்கள் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுருதிகள்) நிறைந்த ஒலி உறங்கும் குழந்தைகளையும் முதியோரையும் நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

பழகிப்போன ஒலியை மீட்பது

ஏற்கெனவே செத்துவிட்ட ஒலியை, சத்தத்தைக் கூட்டி மீட்க முயல்வது நெடுநாள் பயன் தராது. கூட்டிய சத்தமும் பழகிவிடும். ஒலியையே மாற்றுங்கள். முடிந்தால் இடத்தையும் மாற்றுங்கள். வரவேற்பறையில் இருந்த கடிகாரத்தைப் படுக்கையறை வாசலுக்குக் கொண்டுபோவதுகூடப் போதும், ஏனெனில் பழைய இடத்தோடு சேர்ந்து கற்ற அலட்சியம் புதிய இடத்தில் தளர்ந்துவிடுகிறது. சில நாட்கள் பழைய ஒலியை முற்றிலும் நிறுத்தி வைப்பதும் உதவும். ஆனால் இவை அனைத்தும் தற்காலிக வாய்ப்பை மட்டுமே தருகின்றன. அந்த வாய்ப்பில், ஒலி கேட்ட முதல் நாளிலிருந்தே செயல் தொடர வேண்டும். இல்லாவிட்டால் முன்பைவிட விரைவாகவே அது மீண்டும் பழகிவிடும். மாதத்தில் ஒருமுறை, எதிர்பாராத நேரத்தில் வீட்டில் ஒருவர் அந்த ஒலியை எழுப்பி, மற்றவர்கள் எவ்வளவு விரைவாக எழுந்து வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

பிள்ளைகளைக் கூப்பிடுவது

‘தம்பி, சாப்பிட வா’ என்று சமையலறையிலிருந்து கொண்டே ஐந்து முறை அழைத்து, ஆறாவது முறை குரல் ஏறியதும் பிள்ளை எழுந்து வருவதைப் பல வீடுகளில் காணலாம். முதல் ஐந்து அழைப்புகளுக்கு எந்த விளைவும் இல்லாததால், ஏறிய குரல்தான் உண்மையான அழைப்பு என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டான். இதைத் திருத்த, அருகில் போங்கள். பெயரைச் சொல்லி ஒரு கணம் பொறுங்கள். முகம் திரும்பியதும் செய்தியைச் சொல்லுங்கள். வராவிட்டால் இரண்டாம் முறை அழைக்காமல் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டி வாருங்கள். திட்டுவதற்கு மட்டுமே பெயரைப் பயன்படுத்தாதீர்கள். இவ்வளவுக்கும் முன்னால், பிள்ளையின் செவி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சளிக்குப் பிறகு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறைவது சிறு பிள்ளைகளிடம் மிகவும் சாதாரணம். ஒரு வயது நெருங்கியும் பெயருக்குத் திரும்பாத குழந்தையைத் தாமதிக்காமல் அரசாங்க சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சத்தமான வீட்டில் வளரும் பிள்ளை சத்தத்தை ஒதுக்கப் பழகும்போது, பேச்சையும் சேர்த்து ஒதுக்கிவிடும் அபாயம் இருக்கிறது. நியூயார்க் நகரில் நெடுஞ்சாலைக்கு மேல் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் வாழ்ந்த பிள்ளைகளை கோஹன், கிளாஸ், சிங்கர் ஆகியோர் 1973இல் ஆராய்ந்தபோது, சத்தம் மிகுந்த கீழ்மாடிகளில் இருந்தவர்கள் ஒத்த ஒலியுடைய சொற்களைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தனர். அதே நகரில், உயர்த்தப்பட்ட ரயில் பாதையை ஒட்டிய பள்ளியில் பாதைப் பக்க வகுப்புகளின் மாணவர்கள் வாசிப்பில் பின்தங்கியதை 1975இல் புரோன்சாஃப்ட், மெக்கார்த்தி இருவரும் கண்டனர். தண்டவாளத்தில் ரப்பர் மெத்தைகள் பொருத்தி, வகுப்பறைகளிலும் ஒலி உறிஞ்சும் கூரையமைப்பு செய்தபின் அந்த வேறுபாடு மறைந்தது. ரயிலோரம் வசிப்பவர்கள், பிள்ளை பாடம் படிக்கும் மேசையைப் பாதைக்கு எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றுவதும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நாள்தோறும் முகம் பார்த்துக் கதை சொல்வதும் செலவில்லாத ஏற்பாடுகள்.

பழகினாலும் தீங்கு குறையாத ஒலிகள்

ரயிலுக்கு விழிக்காமல் தூங்குபவரின் இதயத்துடிப்பு, ரயில் போகும்போது அப்போதும் சற்று மாறுகிறது. விழிப்பு பழகும் அளவுக்கு உடல் பழகுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவு நேர ரயில் ஒலி சராசரியாக 44 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. சன்னல் இடுக்குகளை அடைப்பதும், கட்டிலை உட்பக்கச் சுவருக்கு நகர்த்துவதும், தூக்கம் கெடவில்லை என்று தோன்றினாலும் செய்யத்தக்கவை.

தொழிற்சாலையில் வேலை செய்வோர், சத்தம் இப்போது பெரிதாகத் தெரியவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எண்ணிவிடக் கூடாது. மூளை பழகினாலும் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். சத்தம் சிறிதாகத் தெரிவதற்கு அந்தத் தேய்மானமே காரணமாகவும் இருக்கலாம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி, வேலைநாள் சராசரி 82 டெசிபலைத் தாண்டினால் அது மிகையான இரைச்சல். 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்வோருக்குச் செவித்திறன் சோதனை நடத்துவது முதலாளியின் கடமை. சோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, முந்தைய ஆண்டின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், குறிப்பாக 4,000 அருகே, கோடு பள்ளமாக இறங்கியிருந்தால், இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.